பேர்ட்ஸ்வில்லிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்லா இருக்கேன். நீங்க, ஆயா, தம்பி, பாப்பா எல்லாரும் சுகந்தானே? அப்பா ஆனி மாசம் போட்ட லெட்டர் இப்பதான் கைக்கு வந்தது. அது ஆஸ்திரேலியாவுல என் பழைய அடிலெய்டு விலாசத்துக்குப் போய், அங்கிருந்து ஓசூர் நண்பன் வேற கவர்ல போட்டு இந்த ஊர் போஸ்ட் ஆபீசுக்கு அனுப்பி வச்சான். வழிப்போக்கருக்கு வர்ற லெட்டரை இங்க எடுத்து வச்சிருந்து, ஆள் வந்து கேட்டாக் கொடுக்கிறாங்க. உங்க கையெழுத்தைப் பார்த்ததும் வாசல்லயே நின்னு படிச்சேன். அப்புறம் வண்டிக்குள்ள உக்காந்து இன்னொரு தரம் படிச்சேன்.

"வூடு வாசல் இல்லாம வண்டியிலயே திரியறேன்னு ஓசூர்ப் பையன் சொல்றானே, நெஜமா?"ன்னு கேட்டிருக்கீங்க. நெஜந்தான். வொர்க்‌ஷாப்புல ஒப்பந்தம் முடிஞ்சுது, வாடகை வூட்டையும் காலி பண்ணிட்டேன். பழைய லேண்ட் குரூசர் வண்டி இருக்கு. பின்பக்கம் நீளமான மாடல். அதுல நானே பலகை அடிச்சு மேல மெத்தை போட்டிருக்கேன். கீழே தண்ணி கேன், டூல்ஸ் பெட்டி, அடுப்பு, அரிசி, ராகி மாவு. இந்த நாட்டுல இப்படி வருசக்கணக்கா வண்டியிலயே ஊர் சுத்தறவங்க நிறைய பேர். ரிட்டயர் ஆனவங்கதான் அதிகம். போற ஊர்ல மெக்கானிக் வேலை கிடைச்சா செய்றேன், முடிஞ்சதும் கிளம்பறேன். வாடகையும் மிச்சம். அம்மா இதை நினைச்சுத் தூக்கத்தைக் கெடுத்துக்க வேணாம்.

இப்ப இருக்கிற ஊர் பேரு பேர்ட்ஸ்வில். குவீன்ஸ்லாந்து மாநிலத்தோட தென்மேற்கு மூலை. ஊர்ல நூறு பேருக்குக் கொஞ்சம் மேல இருப்பாங்க, அவ்வளவுதான். இதுக்கு மேற்கே சிம்ப்சன் பாலைவனம். அதைத் தாண்டித்தான் வந்தேன், அப்பா. அதை உங்களுக்கு எழுதணும்னு வழியெல்லாம் நினைச்சுக்கிட்டே வந்தேன்.

பாலைவனம்னா நாம நினைக்கிற மஞ்சள் மணல் இல்லை. சிவப்பு. நம்ம மேட்டுக்காட்டு செம்மண்ணை விடவும் சிவப்பு. வடக்கு தெற்கா நீளநீளமா மணல்மேடு, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, மொத்தம் 1,100 மேடு இருக்குன்னு சொல்றாங்க. நாம மேற்கிலிருந்து கிழக்கே போறதால எல்லா மேட்டையும் குறுக்கே ஏறி இறங்கணும். மேற்குப் பக்கம் சரிவு கம்மி, கிழக்குப் பக்கம் செங்குத்து. அதனால மேற்கிலிருந்து வர்றதுதான் சுலபம். கடைசியா டீசல் கிடைக்கிற மவுண்ட் டேர்ல இருந்து பேர்ட்ஸ்வில் வரைக்கும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல. நடுவுல பங்க் கிடையாது, கடை கிடையாது, போன் டவர் கிடையாது. தண்ணி, டீசல், சாப்பாடு எல்லாம் கையோட கொண்டு போகணும், குப்பையைக் கூடத் திரும்ப எடுத்துட்டு வரணும். டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் வெயில் தாங்காதுன்னு பாலைவனத்தையே மூடிடறாங்க.

இதுல முக்கியம் டயர். ரோட்டுல 35, 40 பவுண்டு காத்து வச்சு ஓட்டுறதை மணல்ல 16 பவுண்டு வரைக்கும் இறக்கிடணும். காத்து குறைஞ்சா டயர் நீளவாக்குல படிஞ்சு மணல் மேல மிதந்து போகுது. நிறைய காத்தோட போனா மணலை வாரி இறைச்சு அங்கேயே புதைஞ்சிடும். இது தெரிஞ்சும் சோம்பேறித்தனத்துல காத்து இறக்காம வேகமா ஏறறவங்க இருக்காங்க. அவங்க வண்டி குதிச்சுக் குதிச்சு ஏறின இடமெல்லாம் குழி குழியாப் போய், பின்னாடி வர்றவன் ஷாக் அப்சார்பர் உடையுது. எனக்கு அதைப் பார்த்தா கோவம் வருது. பாதையும் எல்லாருக்கும் பொதுதானே.

வண்டி முன்னாடி ஒரு கம்பு கட்டி, தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்துல கொடி பறக்க விடணும். மேட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது ஏறிட்டு இருந்தா வண்டி தெரியறதுக்கு முன்னாடி கொடி தெரியும். வண்டியில வச்சிருக்கிற பேசற ரேடியோவுல, பத்தாம் சேனல்ல, நாம எங்க வர்றோம்னும் சொல்லிட்டே போகணும்.

தனியா வரலை. டால்ஹவுசிங்கிற இடத்துல வெந்நீர் ஊத்து இருக்கு, ஒரு குளம் அளவுக்கு. மார்கழி மாதிரி குளிர்ல, வெளியில பல்லு கிட்டிக்குது, தண்ணிக்குள்ள இறங்கினா அம்மா குளிப்பாட்டிவிட்ட சூடு. சின்னச் சின்ன மீன் வந்து காலைக் கடிக்குது. அங்கதான் ஒரு கிழவர் பக்கத்துல வண்டி போட்டிருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். காலையில எழுந்ததும் முதல் வேலையா ஒரு தென்னந்துடைப்பம் நீளத்துக்குத் துடைப்பம் எடுத்து, தன் கூடாரத்து முன்னாடி இருக்கிற மணலைப் பெருக்குவார். சுத்தி ஆயிரம் மைலுக்கு மணல்! பெருக்கி முடிச்சு, அதுல ஒரு நாற்காலி போட்டு, டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் பேச மாட்டார். அப்புறம் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். "ஒத்தை வண்டியா போகாதே, என்னோட வா"ன்னு அவர்தான் கூப்பிட்டார். அவருக்கும் மெக்கானிக் துணை வேணும், எனக்கும் வழி தெரிஞ்ச ஆள் வேணும். அப்படிச் சேர்ந்துக்கிட்டோம்.

ராத்திரியில தண்ணி கேன் மேல மெல்லிசா ஐஸ் கட்டியிருந்தது. அந்தக் குளிருக்குக் களி கிண்டிடலாம்னு தோணிச்சு. நொய் இல்லை, பாஸ்மதி அரிசியைத் துணியில கட்டி சுத்தியலால தட்டி உடைச்சேன். அது வெந்ததும் ராகி மாவைக் குவியலாக் கொட்டி, நடுவுல ஓட்டை போட்டு, மூடி, தணல்ல விட்டேன். அம்மா ரெண்டு காலாலயும் குண்டானை இடுக்கிக்கிட்டுக் கிண்டுவியே, அது எனக்கு வரலை. கிழவர் தோல் கையுறை மாட்டிக்கிட்டுக் குண்டானை அமுக்கிப் பிடிச்சார். மண்வெட்டிக்குன்னு வாங்கி வச்சிருந்த புதுக் காம்பைக் கழுவி அதால கிண்டினேன். கட்டி தட்டலை அம்மா. கையை நனைச்சு உருட்டி வச்சேன், பளபளன்னு நின்னுது. தொட்டுக்க டின் தக்காளியில பச்சை மிளகாய் போட்டுக் கடைஞ்சேன். "மெல்லக் கூடாது, முழுங்கணும்"னு சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒரு உருண்டை முழுசும் சாப்பிட்டு, மறுநாள் மத்தியானம் வரைக்கும் பசிக்கலைன்னு ஆச்சரியப்பட்டார். நம்ம தக்காளியைப் பாலக்கோடு மார்க்கெட்டுல கேக்க ஆளில்லாம ரோட்டோரம் கொட்டிட்டு வந்தோமே, அந்த வருசம் ஞாபகம் வந்தது. இங்க டின்ல அடைச்சு, பாலைவனத்துக்கு வெளியில ஒரு கடையில வச்சு என்ன விலைக்கு விக்கிறாங்கன்னு சொன்னா அப்பா நம்ப மாட்டீங்க.

அப்பா கிணறு வெட்டின கதையெல்லாம் சொல்வீங்களே, உங்களுக்கு இது பிடிக்கும். இந்த மண்ணோட பழங்குடி மக்கள் வாங்கங்குரு. அவங்க மணல்மேடுகளுக்கு நடுவுல, எந்த இடத்துல தோண்டினா தண்ணி வரும்னு தெரிஞ்சு, ஒரு ஆள் நுழையற அளவுக்குக் குறுகலா மண்ணுக்குள்ள குடைஞ்சு கிணறு வச்சிருந்தாங்க. வெடி இல்லை, கிரேன் இல்லை, கையாலயும் கட்டையாலயும் தோண்டினது. அதை நம்பி இந்தப் பாலைவனத்துக்குள்ளயே குடும்பம் குடும்பமா வாழ்ந்திருக்காங்க. வெள்ளைக்காரர்ல முதல்ல இதை முழுசாக் கடந்தவர் டெட் கோல்சன், 1936ல ஒட்டகத்தோட. அவர்கூடப் போனவர் பீட்டர் ஐன்ஸ்னு ஒரு பழங்குடிக்காரர். ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

பேர்ட்ஸ்வில் வர்றதுக்கு முன்னாடி ஐர் கிரீக்குனு ஒரு ஆறு. வானத்துல ஒரு மேகம் இல்லை, சுத்தி மணல். ஆனா ஆத்துல தண்ணி போகுது! வடக்கே எங்கேயோ எப்பவோ பேஞ்ச மழை, மெதுவா நகர்ந்து இப்ப இங்க வந்து சேருது. கிழவர் இதைச் சொல்லிட்டு இருக்கும்போதே எனக்கு நாள் கணக்கு தட்டுப்பட்டது. அன்னைக்கு ஆடிப் பதினெட்டு. குடகுல மழை பேஞ்சா நமக்கு ஒகேனக்கல்ல தண்ணி வருமே. நீங்க எல்லாரும் அங்க போயிருப்பீங்க. ஆயா தலையில எண்ணெய் வச்சிக்கிட்டு, பாப்பா தாலிக்கயிறு, காதோலை, வெத்தலையெல்லாம் எடுத்து வச்சிக்கிட்டு, பஸ்ஸுல இடம் பிடிக்கிறதுக்கு தம்பி ஜன்னல் வழியா துண்டு போட்டு... பரிசல் துறையில மீன் வறுக்கிற வாசனை அப்படியே மூக்குல ஏறிச்சு அப்பா. செருப்பைக் கழட்டிட்டு முழங்கால் தண்ணியில இறங்கி மூணு முழுக்குப் போட்டேன். பூ இல்லை, வண்டியில இருந்த எலுமிச்சம்பழத்தை விட்டேன். அது மிதந்து போறதைப் பார்த்துட்டே நின்னேன். கண்ணு கலங்கிப் போச்சு. கிழவர் ஒண்ணும் கேக்கலை, வண்டியில போய் உக்காந்துட்டார்.

அவர் இப்ப வடக்கே போயிட்டார். வண்டி நின்ன இடம் இன்னும் பெருக்கினபடியே இருக்கு. எனக்கு வேலை இருக்கிறதால பொழுது போயிடுது. செப்டம்பர் முதல் வாரத்துல இங்க குதிரைப் பந்தயம், 1882ல இருந்து நடக்குது. ஆயிரக்கணக்குல ஜனம் வரும். பாலைவனத்துல உடைஞ்ச வண்டியெல்லாம் வரிசையா நிக்குது, அதுவரைக்கும் ரிப்பேர் வேலைக்குப் பஞ்சமில்லை.

இப்ப வரப்பு விசயம். சித்தப்பா கல்லைத் தள்ளி நட்டுட்டாருன்னு எழுதியிருக்கீங்க. பாலைவனத்து நடுவுல மூணு மாநில எல்லை சேர்ற ஒரு இடம் பார்த்தேன், அதைச் சொல்றேன். 1880ல அகஸ்டஸ் போப்பல்னு ஒரு சர்வேயர், ஒட்டகத்தை வச்சு மரக்கட்டையை இழுத்துட்டு வந்து முளை அடிச்சார். பின்னாடி பார்த்தா அவர் அளந்த சங்கிலியே ஒரு அங்குலம் நீளம் கூடுதல். ஒரு தரம் போட்டா ஒரு அங்குலம், அத்தனை தரம் போட்டா எவ்வளவு? முளை தப்பான இடத்துல நின்னுது. அப்புறம் இன்னொருத்தர் வந்து திரும்ப அளந்து மாத்தி நட்டார். யாரும் திருடலை, கருவி தப்பு. நம்ம நில அளவுப் புத்தகம் (எஃப்எம்பி) பழசு, சங்கிலிக் கண்ணியை வச்சு அளக்கிற லிங்க்ஸ் கணக்குல இருக்கும். தாத்தா காலத்துல பிரிச்சப்போ கயிறு பிடிச்சு அளந்ததுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அதனால சித்தப்பாவைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி, இ-சேவையில பணம் கட்டி மனு போட்டு, தாலுகா சர்வேயரை வரவச்சு அளங்க. அளக்கும்போது சித்தப்பாவும் கூட நிக்கட்டும். நீங்களே போய்ச் சொல்லுங்க, தம்பியை அனுப்பாதீங்க, அவன் வாய் சும்மா இருக்காது. சித்தி அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ ராத்திரி பகலா கூட இருந்தவங்க. அதை மறக்க முடியாது.

தம்பிக்கு: மறுபடி போர் போடற பேச்சை இப்ப விடு. போன ரெண்டும் புகையாத்தான் வந்தது. இந்த ஊர்ல ஆயிரம் மீட்டருக்குக் கீழிருந்து மோட்டார் இல்லாமலே தண்ணி கொதிக்கக் கொதிக்க மேல வருது. அப்படிப்பட்ட தண்ணியையே முன்னாடி திறந்து விட்டு வீணாக்கி, அழுத்தம் குறைஞ்ச பிறகு குழாய்க்கு மூடி போட அரசாங்கமே பணம் செலவு பண்ணியிருக்கு. நம்ம பாறைக்கு அடியில அவ்வளவு கூட இல்லை. இருக்கிற கிணத்தைத் தூர் வாரு, மேட்டுக்காட்டுல ராகியும் கொள்ளும் போடு. குடிக்கிறதுக்கு மட்டும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணியே பிடிங்க. போர் தண்ணி குடிச்சு ஆயா பல்லுக்கு வந்த கறை நாளைக்குப் பாப்பா பிள்ளைங்களுக்கு வரக் கூடாது.

பாப்பா கல்யாணம் தை மாசம் வைக்கலாம்னு காரிமங்கலத்துக்காரங்க கேட்டா சரின்னு சொல்லிடுங்க. நல்ல இடம், மாமா விசாரிச்சதே போதும். மண்டபம் பெருசா வேணாம், கோயில்லயே முடிச்சிட்டு சாப்பாட்டை நல்லாப் போடுங்க. சீட்டைத் தள்ளி எடுக்காதீங்க, இன்னும் கொஞ்சம் கட்டினா முழுசா வரும். இந்த மாசம் அனுப்பினது கொஞ்சம் கம்மியா இருக்கும், பந்தயம் முடிஞ்சதும் சேர்த்து அனுப்பறேன். அத்தைகிட்ட வாங்கின கைமாத்துக்கு முதல்ல கொடுங்க, அவங்க வாய் திறந்து கேக்க மாட்டாங்க. பத்திரிகையில என் பேரைப் போட்டுடுங்க. தை மாசம் இங்க பாலைவனம் மூடியிருக்கும், நான் எங்க இருப்பேன், வர முடியுமான்னு அடுத்த லெட்டர்ல தெளிவா எழுதறேன். பாப்பாகிட்ட இப்பவே எதுவும் சொல்ல வேணாம்.

ஆயாவுக்குக் கண்ணு ஆபரேஷன் தர்மபுரி பெரியாஸ்பத்திரியிலயே பண்ணிடலாம், பனிக்காலம் வர்றதுக்கு முன்னாடி. செவலைப் பசு கன்னு போட்டுச்சா, கெடாரியா காளையான்னு எழுதுங்க. பதில் லெட்டரை ஓசூர் நண்பன் விலாசத்துக்கே போடுங்க, நான் எங்க போனாலும் அவனுக்குத் தெரியும்.

அன்பு மகன்