தாவர ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு நடை என்ற வழக்கம் இந்த ஆண்டும் தொடர்ந்தது. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பெயர் தெரியாத மரத்தைக் கண்ணால் பார்த்தே இனம் காணும் பயிற்சியைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புதிதாக வருபவர்கள் முதலில் பூவைத் தேடுகிறார்கள். பூ நல்ல அடையாளம்தான், ஆனால் பல மரங்களில் ஆண்டுக்குச் சில வாரங்களே இருக்கும். அதனால் தண்டில் இலை முளைக்கும் இடமான கணுவைப் பார்க்கப் பழகினோம். கணுவுக்கு ஒரே இலை என்றால் மாற்றிலை அடுக்கம், எதிரெதிரே இரண்டு என்றால் எதிரிலை அடுக்கம், அதற்கும் மேல் என்றால் வட்ட அடுக்கம். ஏழிலைப்பாலையை முதன்முறை பார்த்தவர்கள்கூட, சுற்றி நிற்கும் இலைகளையும் காம்பை ஒடித்ததும் வந்த பாலையும் வைத்துப் பெயரைத் தாங்களே சொல்லிவிட்டார்கள். இலை எப்போதும் ஏழாக இருப்பதில்லை என்பதையும் எண்ணித் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு தவறையும் இங்கே பதிவு செய்கிறேன். ஒரு புங்க மரத்தை எதிரிலை என்று எழுதிவிட்டேன். 'இதுவா, அதுவா' என்று இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போகும் திறவுகோல் முறையை 1778-இல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லமார்க் பயன்படுத்தினார். இன்றும் நமக்கு அதுதான் துணை. அதில் ஒரு படி தவறினால் அப்புறம் எல்லாமே தவறு. மூன்று வாரம் அலைந்தோம். நான் இலை என்று நினைத்தது சிற்றிலை, அதாவது ஒரு முழு இலையின் சிறு பகுதி. மொட்டு எங்கே என்று பார்த்திருந்தால் போதும்: இலைக்காம்பும் தண்டும் சேரும் கோணத்தில் மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது. முருங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கீரைக்காக நாம் உருவும் சின்னஞ்சிறு இலைகளெல்லாம் சிற்றிலைகள். ஈர்க்கோடு சேர்ந்த முழுக்கொத்துதான் ஒரே இலை.

அரசும் பூவரசும் இரண்டாவது குழப்பம். இரண்டுக்கும் இதய வடிவ இலை. அரசிலையின் நுனி வால்போல் நீண்டிருக்கும், காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். பூவரசில் அந்த வாலும் இல்லை, வெள்ளைப் பாலும் இல்லை. அரசு, ஆல், அத்தி மூன்றிலும் இளங்கிளையின் கணுவைச் சுற்றி மோதிரம்போல் ஒரு தழும்பு ஓடும். அதைக் கண்டுபிடித்த அன்று எல்லோருக்கும் வந்த மகிழ்ச்சியை மறக்க முடியாது.

துளசியின் சதுரத் தண்டை விரலால் உருட்டிப் பார்த்தோம், இலையைக் கசக்கி முகர்ந்தோம். ஆனால் தெரியாத எதையும் வாயில் வைக்கக் கூடாது. எருக்கு, கள்ளிப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தொட்ட கையை உடனே கழுவுங்கள்.

படம் அனுப்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனி இலை ஒன்றை மட்டும் எடுத்தால் எங்களால் எதுவும் சொல்ல முடிவதில்லை. கணு தெரியும்படி ஒரு சிறு கிளை, இலையின் இருபுறம், பட்டை, முழு மரம் என எடுத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வையுங்கள். இதுவரை பெயர் தெரியாமல் நிற்கும் மரங்களை அடுத்த நடையில் மறுபடி பார்ப்போம்.

நன்றி.
செயலாளர்