மடக்கலைக் கேட்கிறார்கள், நீட்டலைக் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'மறுநாளே நடந்துவிட்டார்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாக்கரைப் பிடித்து நான்கு அடி வைக்க மறுநாள், சில வேளை அன்றைக்கே, சொல்லிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். அதற்குப் பிந்திய மாதங்களைப் பற்றி யாரும் சொல்லாததால், எனக்கு அந்த அறுவை நடந்த நான்காவது வாரத்திலும் கால் வீங்கிச் சூடாக இருப்பதைக் கண்டு ஏதோ தவறு நடந்துவிட்டதென்றே நான் பயந்தேன். வீக்கம் 3 முதல் 6 மாதம் வரைகூட இருக்கலாம் என்பதும், தோலின் சிறு நரம்புகள் வெட்டுப்படுவதால்தான் தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போகிறது என்பதும், முழுப் பலன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம் என்பதும் பின்னால்தான் தெரிந்தன.

நான் முக்கியமாக எழுத வந்தது வேறு. நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் 'எவ்வளவு மடங்குகிறது?' என்றே கேட்டார்கள். 90 பாகை மடங்கினால் நாற்காலியில் உட்காரலாம். எழுந்திருக்க இன்னும் சற்று வேண்டும். ஆனால் 'முழுதாக நீள்கிறதா?' என்று கேட்டவர் பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான். இதமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து நான் இரண்டு வாரம் படுத்திருந்தேன். அவர் அதை உருவி எடுத்துவிட்டு, முழங்காலின் பின்புறத்துக்கும் படுக்கைக்கும் நடுவே தம் கையை நுழைத்துக் காட்டினார். கை தாராளமாகப் போய் வந்தது. அந்த இடைவெளி நிலைத்துவிட்டால் ஒரு கால் குட்டையானதுபோல் நொண்டத்தான் வேண்டும், தொடைத் தசையும் சீக்கிரம் களைத்துவிடும் என்றார். அன்று முதல் சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி, 5 எண்ணித் தளர்த்தினேன். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்குப் பல வேளை. மூன்று வாரம் கழித்து அவர் கை நுழையவில்லை.

வீட்டில் இருப்பவர்கள் அன்பின் மிகுதியால் காலைப் பிடித்து வலுவாக மடக்கிவிடுவதும் வேண்டாம். பயிற்சியால் வரும் வலி சற்று நேரத்தில் தணிந்தால் அளவு சரி. மறுநாள் காலையிலும் வீக்கம் கூடுதலாக இருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லி மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் (நானும் அப்படித்தான்) கடைசியில் பயிற்சியையும் தவிர்த்துவிடுகிறோம். கைத்தடியைக்கூட வலிக்கிற பக்கமே பிடித்திருந்தேன். அது எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டுமாம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ, மூச்சுத்திணறலோ, காய்ச்சலோ, காயத்தில் கசிவோ கண்டால் மட்டும் பொறுமை கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில், 'முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள்' என்ற ஒரு வரியை மருத்துவமனைகள் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தந்த தாளில் மாத்திரைகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்