லயம் இருந்த எடத்துல ஒரு கல்லாவது நடுவோம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்க மக வேலை விஷயமா பிரான்ஸ் போனப்ப வெர்டுன் பக்கத்துல ஃப்ளூரின்னு ஒரு ஊர பாத்துட்டு போட்டோ அனுப்புனா, அதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. மொத உலகப் போர்ல, 1916 வெர்டுன் சண்டையில, 16 தடவ கைமாறுன ஊராம், கடைசியில ஒரு சுவரு கூட மிஞ்சல. சண்டை முடிஞ்சும் யாரையும் குடியேற விடல, மண்ணு பூரா வெடிக்காத குண்டு, விஷம், எடுக்க முடியாத பொணம், அதனால மரத்த நட்டு காடாக்கிட்டாங்க. இப்படி அங்க 9 ஊரு அழிஞ்சிருக்கு, 6 ஊர்ல இன்னிக்கும் ஒருத்தர் கூட குடியில்ல. ஆனா பேர மட்டும் அழிக்கல ஐயா, ஓட்டு போட ஆளே இல்லாத ஊருக்கு கவர்மெண்டே மேயர நியமிக்குது! ஃப்ளூரியில ரொட்டிக்கடை இருந்த எடம், பள்ளிக்கூடம் இருந்த எடம்னு அடையாளம் வச்சிருக்காங்க. போட்டோவுல பாத்தா கடை இல்ல, குண்டு விழுந்த குழியில புல்லு மொளச்சி கெடக்கு, பக்கத்துல அது என்ன எடம்னு எழுதியிருக்கு.

எங்க தாத்தாவ ஜப்பான்காரன் காலத்துல இந்த மலேசியா பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துலேர்ந்துதான் சயாம்லேர்ந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் போட புடிச்சிட்டு போனாங்க, 415 கிலோமீட்டர் தண்டவாளம், திரும்பி வரவே இல்ல. எந்த எடத்துல செத்தாருன்னு பாட்டிக்கு கடைசி வரைக்கும் தெரியாது. பாட்டி காத்திருந்த லயமாவது (தோட்டத்து ஆளுங்க இருந்த வரிசை வீடு) இருந்துச்சி, கடைசி வீடு, வாசல்ல முருங்க மரம், எதுத்தாப்ல புள்ளைங்கள பாத்துக்கற ஆயாக்கொட்டா. சண்டை அழிக்காத அந்த லயத்த பின்னாடி டாமான் (புது குடியிருப்பு) கட்டறேன்னு இடிச்சிட்டாங்க, இப்ப ரோட்டு பேர்ல கூட தோட்டத்து பேரு கெடையாது, மாரியம்மன் கோயில் மட்டுந்தான் மிச்சம்.

காசு கேட்டு எழுதல ஐயா. கோயில் சுவத்துல ஒரு பலகை, காலையில வேலைக்கு பேர் கூப்புடற பெரட்டுக்களம் எங்க, ரப்பர் பால் ஸ்டோர் எங்க, எந்த லயத்துல யார் யார் இருந்தாங்க, சயாமுக்கு யார் யார் போனாங்கன்னு எழுதி வச்சா போதும், கோயில் கமிட்டியும் சரின்னுட்டாங்க. ஆனா எல்லா பேரும் எனக்கு தெரியாது, தெரிஞ்ச பெருசுங்க ஒவ்வொருத்தரா போய்க்கிட்டே இருக்காங்க, இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சி யார கேக்கறது? இந்த ஆடித் திருவிழாவுக்கு எல்லா ஊர்லேர்ந்தும் வருவாங்க, கூழு ஊத்தற எடத்துல நோட்டும் பேனாவுமா உக்காந்திருப்பேன். பழைய ஆளுங்க தயவுசெஞ்சி வாங்க, பேரு ஞாபகம் இல்லன்னாலும் எத்தனாவது வீடுன்னு மட்டும் சொல்லுங்க.

தோட்டத்துப் பிள்ளை,
பீடோங், கெடா