போர்வெல் பில்லில் இருக்கிறது பாறையின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் போர் மேல் போர் போட்டுக் கடனாளியாகும் விவசாயிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கருவி வைத்து நீரோட்டம் பார்த்த பிறகும் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் அதில் வருத்தப்பட்டிருந்தார். நியாயமான வருத்தம். காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறுகளுக்குள் கருவி இறக்கி அளவெடுக்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எண்ணெய் தேடுகிறவர்கள் தரையில் அதிர்வை உண்டாக்கி, கீழே பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலையைப் பதிவு செய்கிறார்கள். பாறையின் அடர்த்தியையும் அதற்குள் அலை ஓடும் வேகத்தையும் பெருக்கினால் ஓர் எண் வரும். அந்த எண் மாறும் இடத்தில்தான் அலை திரும்புகிறது. இதை வைத்துப் பாறை எவ்வளவு கெட்டி, அதில் எவ்வளவு துளை என்று கணக்குப் போட முடியும். ஆனால் மேலே கிடைப்பது அலை வந்து சேர்ந்த நேரம்தான், ஆழம் அல்ல. வேறு வேறு பாறைகள் ஒரே எண்ணைத் தருவதும் உண்டு. அலை விநாடிக்கு 3,000 மீட்டர் ஓடி, 30 முறை அதிர்ந்தால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 25 மீட்டருக்கும் மெல்லிய அடுக்காக இருந்தால் அதன் தலையும் அடியும் பிரிந்து தெரியாது. கிணற்றுக்குள் இறங்கும் கருவியோ அரை அடிக்கு ஓர் அளவு எடுக்கும். அந்த அளவோடு பொருத்திப் பார்த்த பிறகுதான் அதிர்வுப் படத்துக்கு மதிப்பு.

நம் ஊர்ப் பாறை வேறு. யானைமலையிலும் திருப்பரங்குன்றத்திலும் வெளியே தெரிகிற மாதிரியான கெட்டிப் பாறைதான் வயலுக்கு அடியிலும் கிடக்கிறது. மேலே சிதைந்த பகுதியிலும், கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர். தளர்ந்த காய்ந்த மண்ணில் அலை விநாடிக்குச் சில நூறு மீட்டர் ஓடும், நீர் ஊறிய சிதைந்த பாறையில் 1,500 முதல் 2,500 வரை, கெட்டிப் பாறையில் 5,000 அளவுக்கு. இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து, வரிசையாக ஊன்றிய உணர்கருவிகளில் அலை வந்து சேரும் நேரத்தை எடுத்தாலே கெட்டிப் பாறை எத்தனை அடியில் தொடங்குகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் 400 அடியில் விரல் அகலத்துக்கு இருக்கும் வெடிப்பு, போர்க்காரர்கள் சொல்லும் 'கேப்', அதில் தெரியாது. நீர் ஊறிய களிமண்ணும் 1,500-ஐ ஒட்டிய வேகத்தைக் காட்டும். மின்தடை பார்க்கும் கருவிக்கும் இதே சிக்கல்தான். நீர் ஊறிய பாறையைப் போலவே களிமண், உப்புத் தண்ணீர் இரண்டிலும் மின்தடை குறைவு. எது எது என்று பிரித்துச் சொல்லப் பக்கத்தில் ஏற்கெனவே போட்ட போரின் விவரம் வேண்டும்.

அந்த விவரம் நம்மிடம் இல்லாமல் இல்லை, தொலைந்துபோகிறது. போர் வண்டி ஓடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் செம்மண் வரும், அப்புறம் சுக்கான் பாறை, அப்புறம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ பாறைத் தூசி. தூசி திடீரென்று ஈரமாகி அடங்கினால் ஓட்டுபவர், "கேப் வந்திருச்சு" என்பார். ஒரே நீளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் துளையிடும் ராடுகளில் அது எத்தனையாவது என்று எண்ணினால் ஆழம் கையில் இருக்கிறது. கெட்டிப் பாறை வரும்வரை, மண் சரியாமல் தடுக்கக் கேசிங் பைப் இறக்குகிறார்கள். ஆகவே பில்லில் எழுதும் கேசிங் அடிதான் ஏறக்குறைய மேல்மண்ணும் சிதைந்த பகுதியும் சேர்ந்த கனம். அதிர்வுக் கருவி தேடுகிற அதே எண் ரசீதில் காசு கொடுக்காமலே கிடைக்கிறது. பணம் கொடுத்து முடித்ததும் அந்தச் சீட்டு எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வராத போர் என்றால் மூடியதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. இத்தனை அடி வரை கேப் இல்லை என்பது பக்கத்து வயல்காரருக்கு எவ்வளவு பெரிய தகவல்!

மத்திய நிலத்தடி நீர் வாரியம் போட்ட சோதனைக் கிணறுகளில் நல்ல அளவுகள் இருக்கின்றன. ஆனால் விவசாயிகள் போட்ட போர்களின் எண்ணிக்கைக்கு முன் அவை மிகக் கொஞ்சம்.

போர் போட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதே இடத்தில் ஒரு பேரேடு போதும். சர்வே எண், கேசிங் அடி, கேப் வந்த ஆழங்கள், எத்தனை இஞ்ச் தண்ணீர், மொத்த அடி, தூசியின் நிறம். தோற்ற போரும் கட்டாயம் அதில் ஏற வேண்டும். கணினியில் வண்ணப் படம் காட்டிக் காசு வாங்க வருகிறவரிடம், "எந்தப் போரோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?" என்று விவசாயி கேட்க அப்போதுதான் முடியும். இதைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரும்படி ஊராட்சித் தலைவர்களைத் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிணற்று அளவீட்டாளர்,
உசிலம்பட்டி