மலையேற்றக் குழு நடத்துகிறவர்களுக்கு: திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு பக்கமிருந்து சனி ஞாயிறில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மூணாறு, சூரியநெல்லி, வட்டவடை, டாப் ஸ்டேஷன் மலைகளுக்கு ஒருநாள் நடைக்கு வரும் குழு ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவிப்புகளை இங்கே எஸ்டேட் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிற நாங்களும் பார்க்கிறோம். உச்சியின் உயரம் இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, பஸ் புறப்படும் இடம் இருக்கிறது, காலையில் இட்லியா பொங்கலா என்பதுகூட இருக்கிறது. உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் எத்தனை மணிக்குத் திரும்பி இறங்கத் தொடங்குவீர்கள் என்பது மட்டும் இல்லை. அதை எழுதச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் சாமான் பட்டியல். சில குழுக்கள் கொடுக்கும் பட்டியலைப் படித்தால் இமயமலைக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கிறது: உயர நோய்க்கு மாத்திரை, ஆக்சிஜன் கேன். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். அதுவும் பெரும்பாலும் அந்த உயரத்தில் இரவு தங்குகிறவர்களுக்கு. இமயமலைக்குத் தெற்கே ஆனமுடிதான் உயரம், அதுவே 2,695 மீட்டர். மீசப்புலிமலை 2,640. காலையில் ஏறி அன்றைக்கே இறங்குகிறவரை உயர நோய் பிடிப்பது அபூர்வம். மூச்சு வாங்கும், அது உண்மை. 2,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் வெள்ளிக்கிழமை இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து, தூங்காமல், சரியாகத் தண்ணீரும் குடிக்காமல் ஏறுகிறவருக்கு வரும் தலைவலிக்கு மலையின் உயரத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

இங்கே ஆளைச் சிக்க வைப்பது பிற்பகல்.

தேனிப் பக்கச் சமவெளியும் கிழக்குச் சரிவும் காலை வெயிலில் சூடாகும். சூடான காற்று சரிவைப் பிடித்து மேலே ஏறும். ஈரம் இருக்கிற மாதங்களில் அது மேலே வந்து குளிர்ந்து மேகமாகி, நண்பகல் தாண்டியதும் முகட்டை மூடிவிடும். காலை எட்டு மணிக்குப் போடி வரை தெரிந்த இடத்தில் பிற்பகல் இரண்டு மணி ஆனால், நமக்கு முன்னால் போகிறவரின் பைகூடத் தெரியாது. புல்வெளியில் ஒத்தையடிப் பாதைகள் பல. காட்டுமாடு போட்டது, வரையாடு போட்டது, மனிதர் போட்டது எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். மேகத்துக்குள் எது எது என்று கண்டுபிடிக்க இங்கே பிறந்தவர்களே திணறுவார்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் வடகிழக்குப் பருவமழையிலும் இதோடு பிற்பகல் இடியும் சேரும். மரமில்லாத முகட்டில் இடி விழும்போது அங்கே உயரமாக நிற்பது நீங்கள்தான்.

மழை போய் புல் காய்ந்த பிறகு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அதே காற்றுதான் தீயையும் மேலே ஏற்றுகிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணிச் சரிவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கொழுக்குமலையிலிருந்து ஆளுயரக் காய்ந்த புல் வழியாக இறங்கிக்கொண்டிருந்த குழுக்களைப் பிற்பகலில் தீ வளைத்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தடத்துக்கு அனுமதி இல்லை என்று வனத்துறை அப்போது சொன்னது. சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீ அணைக்கிறவர்களின் கணக்கு. காய்ந்த புல்லில் எந்த வயதுக்காரரும் அதை ஓடி ஜெயிக்க முடியாது. இந்த மாதங்களில் தடங்களை மூடினால் தயவுசெய்து சுற்றுவழி தேடாதீர்கள். ‘லோக்கல் ஆளைப் பிடித்தால் விட்டுவிடுவார்கள்’ என்று குழுவில் சொல்லாதீர்கள். அப்படி விடுகிற லோக்கல் ஆள் உங்களைக் காப்பாற்றவும் வரமாட்டார்.

அடுத்தது நேரக் கணக்கு. 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய கணக்கு சொன்னார். இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். நடக்கும் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். போய்வர 12 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்று ஒரு தடத்தை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 4 மணி நேரம் வரும். இது பழகிய காலுக்கு, நிற்காமல் நடந்தால். உங்கள் குழுவில் முதல்முறை வருகிறவர் இருப்பார், புது ஷூ கடித்து நொண்டுகிறவர் இருப்பார், ஒவ்வொரு திருப்பத்திலும் போட்டோ எடுக்கிறவர் இருப்பார். அட்டை ஏறினால் பத்துப் பேரும் நின்று காலைத் தடவுவீர்கள். செங்குத்துச் சரிவில் இறக்கமும் நேரம் தின்னும். முழங்கால் விட்டுப்போனவர் ஏறியதைவிட மெதுவாகத்தான் இறங்குவார். ஆக, 4 மணி நேரக் கணக்கை 6 என்று போடுங்கள். குழுவில் மெதுவாக நடக்கிறவரை வைத்துத்தான் போட வேண்டும்; உங்களை வைத்து அல்ல.

இப்போது பாருங்கள். காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்கினால் 1 மணிக்குக் கீழே இருக்கலாம், ஒருவர் கணுக்கால் சுளுக்கினாலும் தாக்குப்பிடிக்க வெளிச்சம் இருக்கிறது. 10 மணிக்குத் தொடங்கினால் எல்லாம் நல்லபடியாக நடந்தாலே 4 மணி. கிழக்குச் சரிவில் இறங்குகிறவர்களுக்குச் சூரியன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். டிசம்பரில் 6 மணியைத் தாண்டியதும் பொழுது சாயும். நம் பக்கத்து அந்தி நீண்ட நேரம் நிற்காது.

அதனால்தான் கேட்கிறோம்: பகல் 12 மணி, திரும்பும் நேரம் என்று அறிவிப்பிலேயே போடுங்கள். உச்சி கையெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் அந்த மணிக்குத் திரும்ப வேண்டும். இதை மலையில் வைத்துச் சொன்னால் எடுபடாது. பணம் கட்டி வந்தவர், ‘இன்னும் அரை மணிதானே அண்ணா’ என்பார், நீங்களும் இளகிவிடுவீர்கள். பணம் வாங்குவதற்கு முன்னால் சொன்னால் அது நிபந்தனை.

கொழுக்குமலைச் சூரிய உதயத்தையும் மலை நடையையும் ஒரே நாளில் கட்டாதீர்கள். உதயத்துக்கு விடியும் முன்னே ஜீப் ஏற வேண்டும், முந்தின இரவு பயணம், அப்புறம் வெயிலில் ஏற்றம். சிலர் ஜீப் காசை மிச்சம் பிடிக்க இருட்டில் எஸ்டேட் ரோட்டில் நடந்துவிடலாம் என்கிறார்கள். சின்னக்கானல், சூரியநெல்லி யானை நடமாடும் இடம். அரிக்கொம்பன் என்ற காட்டு யானை இந்தப் பக்கத்து ஆள்தான். 2023-இல் இங்கிருந்து பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டும் கம்பம் ஊருக்குள் போய் நின்றான். அவன் போன பிறகும் இங்கே யானைகள் இருக்கின்றன. இருட்டில் தேயிலைக்குள் நிற்கும் யானை பத்தடி வரை தெரியாது.

எல்லை விஷயம் ஒன்று. கொழுக்குமலை தேனி மாவட்டம், ஜீப் ஏறும் சூரியநெல்லி இடுக்கி மாவட்டம். மீசப்புலிமலைக்கு முறையான வழி மூணாறு பக்கம், கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் அனுமதியோடு. கொழுக்குமலையிலிருந்து முகடு பிடித்துப் போவதல்ல. கீழே குரங்கணி–சாம்பலாறு தடம் 2024-இல் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வருகிறது, பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். ஒரு பக்கத்து அனுமதிச் சீட்டு மறுபக்கம் செல்லாது. எங்கள் பாட்டன்மார் போடியிலிருந்து இந்தச் சரிவுகளில்தான் நடந்தே ஏறி வேலைக்கு வந்தார்கள், அப்போது யாரும் சீட்டு கேட்கவில்லை என்று நாங்களே சில நேரம் முணுமுணுப்போம். சரி, அது வேறு காலம். இன்றைக்கு எந்த முகட்டில் நிற்கிறோம், அது எந்த மாநிலம் என்று தெரியாமல் உதவி கேட்டுப் போன் செய்தால் தேடுகிறவர்கள் தவறான பக்கத்திலிருந்து ஏறுவார்கள். போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கிறது என்பதும் வளைவுக்கு வளைவு மாறும்.

தென்மேற்குப் பருவத்தில் இடுக்கிக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் பயணத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் 70 பேரை மண் மூடியது. மழை ராத்திரிகளில் இங்கே யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. அந்த நேரத்தில் விருந்தாளிகளைத் தேடி வெளியே போகச் சொல்லாதீர்கள்.

அப்புறம் பெயர்ப் பட்டியல். ஏறும் முன் வாச்சரிடமோ தங்கும் இடத்திலோ எத்தனை பேர், எந்தத் தடம், திரும்பும் நேரம், வண்டி ஓட்டுநரின் நம்பர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இறங்கியதும் சொல்லுங்கள். ஒரு குழு இங்கே ஏறுவதாகச் சொல்லிவிட்டு மறுபக்கம் இறங்கி, போடியில் பரோட்டா சாப்பிட்டு பஸ் ஏறிப் போய்விட்டது. இங்கே காலையில் கொழுந்து பறிக்கப் போக வேண்டிய ஆட்கள் டார்ச் எடுத்துக்கொண்டு நடுராத்திரி வரை அவர்கள் பெயரைக் கூப்பிட்டுத் திரிந்தார்கள். போனை எடுத்தபோது அவர்கள் திண்டுக்கல் தாண்டியிருந்தார்கள்.

இப்படிக்கு,
சூரியநெல்லித் தோட்டக் குடும்பங்களில் ஒருவன்