மலருக்கு: அந்த இரண்டு துளி பற்றி

முத்தையன்கட்டு,
ஒட்டுசுட்டான்.

அன்புள்ள மலர்,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் மனம் முழுக்க உன் பேத்தியின் கதையிலேயே போய்விட்டது. இரண்டாம் தரம்தான் மூன்றாம் பக்கத்தின் அடியில் நீ எழுதியிருந்தது கண்ணில் பட்டது. களைப்புக்கு நல்லதென்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு அயடீன் போத்தல் வாங்கி, காலையில் தண்ணீரில் இரண்டு துளி விட்டுக் குடிக்கிறாயாம். ஐந்து கிழமையாம். அடுத்த பக்கத்தில், நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை, சாப்பிட்டும் மெலிகிறேன், வயது போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். இரண்டையும் நீ சேர்த்துப் பார்க்கவில்லை, மலர்.

அன்றைக்கே போன் எடுத்து நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டாய், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. காரணம் தெரியாமல் நீ எதையும் விடமாட்டாய், அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்கு வேண்டிய அயடீன் 150 மைக்ரோகிராம். கர்ப்பிணி என்றால் 250. அந்த 150 ஐ ஒரு மில்லிகிராமில் ஏழில் ஒரு பங்கு என்று வை. உன் போத்தலில் லூகோல் கரைசல் என்று எழுதியிருக்கிறது என்றாய். 1829 இல் லூகோல் என்ற பிரெஞ்சு வைத்தியர் செய்த கலவை அது. 5 வீதக் கரைசலாக இருந்தால் ஒரு துளியிலேயே ஏறக்குறைய 6 மில்லிகிராம் அயடீன் இருக்கும். நீ குடிக்கும் இரண்டு துளியில் உடம்பு கேட்பதைப் போல எண்பது மடங்கு. அது நல்ல மருந்துதான், இல்லையென்று சொல்லவில்லை. கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பியின் அறுவைக்கு முன்னம் வைத்தியர்கள் கொடுப்பார்கள், ஆனால் சில நாட்களுக்கு மட்டும், பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொண்டு. மாதக் கணக்கில் தேநீர் மாதிரிக் குடிப்பதற்கு அல்ல.

அதைவிட முக்கியமான ஒன்று. உன் கழுத்தில் சின்னக் கட்டி இருக்கிறது, பயமில்லை என்று முன்பொருமுறை சொன்னார்களே, ஞாபகமா? அப்படிக் கட்டி உள்ள சுரப்பிக்கு அளவுக்கு மிஞ்சி அயடீன் போனால், சில பேருக்கு அது தன்பாட்டில் ஹோர்மோனைக் கொட்டத் தொடங்கிவிடும். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, மெலிவு எல்லாம் அப்போது வரும். வேறு சிலருக்கு நேர்மாறாகச் சுரப்பி அடங்கிப்போய்க் களைப்பு இன்னும் கூடும். எதற்குப் பயந்து குடித்தாயோ அதுவே வந்து நிற்கும்.

எங்கள் பக்கத்து வளவுப் பிள்ளைக்குத் தைரொயிட்டில் புற்றுநோய் வந்து, கதிரியக்க அயடீன் கொடுத்தார்கள். உடம்பில் அயடீனை அள்ளிச் சேர்ப்பது அந்தச் சுரப்பிதான் என்பதால், மருந்து நேரே அங்கே போய் மிச்சமிருந்த கெட்ட கலங்களை அழிக்கிறது. எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகும். சில நாட்கள் அவளைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். இப்போது சுகமாக இருக்கிறாள், தையல் மெஷினும் வாங்கிவிட்டாள்.

அயடீனோடு எனக்குக் கோபமே இல்லை. முப்பது வருடம் அதை நம்பி வேலை செய்தவள் நான். பள்ளிக்கூடத்தில் மரவள்ளிக்கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு விட, அது கருநீலமாக மாறியதைப் பார்த்து நீ கத்தினாயே, அதுதான் எனக்கும் அதோடு முதல் பழக்கம். அப்புறம் ஆஸ்பத்திரியில் டிங்சர். மதுசாரத்தில் கரைத்தது, காயத்தில் பட்டால் பிள்ளைகள் துடிப்பார்கள். பிறகு பொவிடோன் அயடீன் வந்தது, சனம் பீற்றாடின் என்று சொல்வது. அது அவ்வளவு எரியாது. அயடீனை ஒரு பெரிய மூலக்கூறு பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

தொண்ணூறுகளில் யுத்தத்தால் சாமான்களுக்குத் தடை இருந்தபோது மருந்துப் பெட்டி வருமா வராதா என்றே தெரியாது. கபில நிறப் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து, மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காலையும் மாலையும் பார்ப்பேன். சேலைன் சேர்த்து நீர்க்கப் பண்ணித்தான் பாவிப்போம். நோயாளியை ஏமாற்றுகிறோமோ என்று அப்போது உள்ளுக்குள் குத்தும். பின்னர்தான் படித்தேன், நீர்க்கும்போது பிடி விட்டு வெளியே வரும் அயடீனின் பங்கு கூடுகிறது, கிருமி சாவது குறைவதில்லை. ஆனால் சீழும் இரத்தமும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும், அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும். 2009 பற்றி எழுதத் தொடங்கினால் இந்தத் தாள் போதாது, மலர்.

அயடீனைக் கண்டுபிடித்த கதை தெரியுமா? 1811 இல் பிரான்சில் கூர்த்துவா என்பவர் நெப்போலியனின் யுத்தத்துக்கு வெடியுப்புச் செய்துகொண்டிருந்தார். கடற்பாசிச் சாம்பலில் அமிலம் கூடிப்போய், ஊதா நிறப் புகை எழும்பியது. அதுதான் அயடீன். வெடிமருந்துக்காக அடுப்பு மூட்டிய இடத்திலிருந்து காயத்துக்கு மருந்து வந்திருக்கிறது. அதை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சரி, இங்கத்தைய புதினம். பேரன் வரம்பு கட்டும்போது மண்வெட்டி காலில் பட்டுவிட்டது. ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், ஏற்பு ஊசிக்கும் அனுப்பினேன். அதுவரை சரி. பிறகு பொவிடோன் அயடீனில் நனைத்த துணியை ஈரத்தோடு இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் அவிழ்க்காமல் விட்டுவிட்டேன். அவிழ்த்தபோது காயத்தைச் சுற்றிய நல்ல தோல் சிவந்து, நீர்க் கொப்புளம் போட்டிருந்தது. பூசினால் இரண்டு நிமிடம் காயவிட வேண்டும், தேங்கி நின்றால் தோலைச் சுடும். எத்தனை தாய்மாருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அவன் காலைப் பார்க்கும்போது இன்னும் மனம் வலிக்கிறது. இப்போது தோல் ஆறி வருகிறது.

அதே கிழமை கீழ்வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனால், பிறந்து ஒன்பதாம் நாள் குழந்தையின் தொப்புளைச் சுற்றி ஒரே கபில நிறம். அன்பாகத்தான் பூசியிருக்கிறார்கள். பச்சைக் குழந்தையின் தோல் அயடீனை உறிஞ்சும், அந்தச் சின்னச் சுரப்பி வேலையை நிறுத்திவிடலாம், மூளை வளரும் வயதில் அது ஆகாது. துடைத்துவிட்டு, தொப்புளைக் காய்ந்தபடி வைத்திருக்கச் சொன்னேன். குடும்ப நல மிஸ்ஸியும் அடுத்த நாள் வந்து பார்த்தார்.

களைப்புக்கு அயடீன் வேண்டும் என்று இனி யாரும் சொன்னால் உன் குசினியைக் காட்டு. 1995 இலிருந்து நம் நாட்டில் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்கச் சட்டம் இருக்கிறது. ஒரு கிலோவில் 30 மில்லிகிராம் இருந்தால், ஒரு தேக்கரண்டி உப்பிலேயே நாளுக்கு வேண்டிய 150 மைக்ரோகிராம் வந்துவிடும். மீன், முட்டை, பாலிலும் கொஞ்சம் உண்டு. உப்புப் போத்தலை மூடி, அடுப்புச் சூடு படாமல் வை, கறி இறக்கும்போது போடு.

இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போ. தைரொயிட்டுக்கு, அந்தச் சுரப்பியை வேலை வாங்கும் ஹோர்மோனான ரீ.எஸ்.எச். உட்பட, இரத்தம் சோதிக்கச் சொல். குடித்ததை மறைக்காதே. நிறுத்தினாலும் உடம்பிலிருந்து குறைய நாள் எடுக்கும். அதற்குள் நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ மூச்சு முட்டினாலோ, இரவென்றாலும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. போத்தலை எறிந்துவிடாதே, கையோடு கொண்டுபோய்க் காட்டு. எத்தனை வீதம் என்று லேபலில் இருக்கும், வைத்தியருக்கு அது வேண்டும்.

இரத்தச் சோதனை முடிவு வந்ததும் எனக்குப் போன் எடு. பின்னேரம் ஐந்துக்குப் பிறகு குளக்கட்டுப் பக்கம் ஏறி நிற்பேன், அங்கே லைன் அறாது.

உன் பழைய சிநேகிதி,
பவளம்