கிறிஸ்துமஸுக்கு வர முடியாத மகளுக்கு

பாளையங்கோட்டை
டிசம்பர் 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

24 ராத்திரியும் 25 ராத்திரியும் உனக்கு நைட் டூட்டி என்று தெரிந்ததும் இங்கே யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற நர்ஸுகள் அன்றைக்கு வீட்டில் இருக்கட்டும் என்று நீயே கேட்டு வாங்கிய டூட்டி என்று உன் தங்கை சொன்னாள். ஆச்சியிடம் சொன்னேன். "அவ அப்படித்தான் செய்வா" என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

ஆனால் போனை வைக்கும் முன்னால் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. நாவலில் நாலாவது அத்தியாயம் கிறிஸ்துமஸ், அதை எழுத வரவில்லை, வார்டில் உட்கார்ந்துகொண்டு நம் வீட்டுக் கிறிஸ்துமஸை எப்படி எழுதுவது, அதையெல்லாம் வீட்டோடு இருப்பவர்கள்தான் எழுத முடியும் என்றாய். அப்போது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்தாளர்கள் கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எதை நினைத்து ஏங்கினார்கள் என்று தேடித் தேடிப் படிப்பது இங்கிலீஷ் டீச்சராக இருந்த காலத்திலிருந்தே எனக்கு உள்ள பழக்கம். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன், நீ நினைப்பது சரியில்லை. கிறிஸ்துமஸை நன்றாக எழுதியவர்களில் அநேகம் பேர் அதைப் பறிகொடுத்தவர்கள், அல்லது வெளியே நின்று பார்த்தவர்கள்.

நீ இருக்கிற ஊரிலிருந்தே தொடங்குகிறேன். பர்மிங்ஹாம் டவுன் ஹாலை நீ பஸ்ஸில் தாண்டிப் போயிருப்பாய். 1853 டிசம்பர் 27ஆம் தேதி சார்லஸ் டிக்கன்ஸ் அந்த மேடையில்தான் தன் 'கிறிஸ்துமஸ் கரோல்' கதையைப் பொதுமக்கள் முன்னால் முதல் தடவையாக வாசித்தார். அந்த ஊரில் ஒரு கல்வி நிலையம் தொடங்க நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. 30ஆம் தேதி ராத்திரி மறுபடியும் வாசித்தார். அன்றைக்குத் தொழிலாளர்களுக்கென்றே இடம். டிக்கெட் விலையை அவர்களுக்கு ஆறு பென்ஸாகக் குறைக்கச் சொன்னவர் அவர்தான். 2,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1843 கடைசியில், ஆறே வாரத்தில் எழுதி முடித்த கதை அது. டிசம்பர் 19 அன்று புத்தகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் 6,000 பிரதியும் விற்றுப்போனது. அடுத்த சில நாளில் ஒரு நண்பர் வீட்டுக் குழந்தைகள் விருந்தில் டிக்கன்ஸ் ஒரு மணி நேரம் மேஜிக் செய்து காட்டினார். பச்சை மாவையும் முட்டையையும் ஒருவருடைய தொப்பிக்குள் போட்டு, ஆவி பறக்கும் பிளம் புட்டிங்காக வெளியே எடுத்தாராம். அங்கே இருந்த ஜேன் கார்லைல் என்ற அம்மா இதை அப்படியே ஒரு கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். உதவிக்கு நின்றவர் ஜான் ஃபார்ஸ்டர் என்ற நண்பர்.

அந்த ஃபார்ஸ்டர்தான் பிற்பாடு டிக்கன்ஸின் வாழ்க்கையை எழுதினார். 1870-இல் டிக்கன்ஸ் இறந்த பிறகு வந்த அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அவருடைய பிள்ளைகளுக்கே விஷயம் தெரிந்தது. தாத்தா கடன் கட்ட முடியாமல் ஜெயிலில் இருந்திருக்கிறார். பன்னிரண்டு வயதில் அப்பா ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டியிருக்கிறார். 'கிறிஸ்துமஸ் கரோல்' கதையில் ஏழைக் குமாஸ்தா கிராட்சிட் வீட்டு விருந்து வருமே, அந்தப் புட்டிங் இவ்வளவு பெரிய குடும்பத்துக்குச் சின்னது என்று ஒருவர்கூட வாய் திறக்க மாட்டார்கள். வசதியான வீட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் அந்த இடத்தை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் ஊரிலேயே வளர்ந்த பிள்ளை ஒருவர் இருக்கிறார், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன். லீவு கிடைத்தால் சேர்ஹோல் மில்லுக்குப் போய் வா. இப்போது அது மியூசியம். அந்த மில்லுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டில்தான் அவர் சின்னப் பையனாக இருந்தார். 1896-இல் அப்பா போனார். 1904-இல் அம்மாவும் போனார். அப்போது இவருக்கும் வயது பன்னிரண்டு. அதற்குப் பிறகு அத்தை வீடும் வாடகை அறையும்தான்.

அந்தப் பையன் வளர்ந்து அப்பாவானதும் என்ன செய்தார் தெரியுமா? 1920 கிறிஸ்துமஸுக்கு, மூன்று வயது மூத்த மகனுக்கு, வட துருவத்திலிருந்து கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதினார். தாத்தாவுக்கு வயதாகிவிட்டதால் கையெழுத்து நடுங்கி நடுங்கி இருக்கும். வட துருவத் தபால்தலையைக்கூடத் தானே வரைந்து ஒட்டினார். வருஷா வருஷம், 1943 வரைக்கும், நான்கு பிள்ளைகளுக்கும் இது நடந்தது. தாத்தாவுக்குத் துணையாக ஒரு துருவக் கரடி உண்டு. அதன் எழுத்து தடித்தடியாக இருக்கும். 1925 கடிதத்தில், காற்றில் பறந்த தாத்தாவின் தொப்பியை எடுக்கக் கரடி வட துருவக் கம்பத்தில் ஏறுகிறது. கம்பம் நடுவில் முறிந்து, தாத்தாவின் வீட்டுக் கூரை மேல் விழுகிறது. பகலெல்லாம் பாடம் நடத்தி, கூடுதல் வருமானத்துக்காகப் பரீட்சைப் பேப்பரும் திருத்திய பேராசிரியர் அவர். நானும் பேப்பர் திருத்தியவள்தான், அந்த அசதி எனக்குத் தெரியும். அதோடு உட்கார்ந்து விதவிதமான கையெழுத்தில், வண்ணப் படத்தோடு எழுதியிருக்கிறார்.

கடைசிக் கடிதம் கடைக்குட்டி மகள் பிரிசில்லாவுக்கு, அவளுக்குப் பதினாலு வயதில். யுத்த காலம். இனிமேல் நான் விடைபெற வேண்டியிருக்கும், ஆனால் பழைய நண்பர்களை நாங்கள் மறப்பதில்லை, அவர்கள் பெரியவர்களாகி, சொந்த வீடும் பிள்ளைகளும் வந்த பிறகு திரும்பி வருவோம் என்று தாத்தா சொல்லியனுப்புகிறார். இந்தக் கடிதங்கள் புத்தகமாக வந்தது 1976-இல், டோல்கீன் காலமாகி மூன்று வருஷம் கழித்து. உன்னை பிளேன் ஏற்றிவிட்டு வந்த அன்று ராத்திரி அந்தக் கடைசிக் கடிதத்தை எடுத்துத்தான் படித்தேன்.

சாப்பாடு என்றால் துப்பறியும் கதை எழுதிய அகதா கிறிஸ்டிதான். பதினோரு வயதில் அப்பாவை இழந்தவர். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு அக்காவின் புகுந்த வீட்டாருடைய ஆப்னி ஹால் மாளிகைக்கு அம்மாவோடு போவார். அங்கே மத்தியானச் சாப்பாட்டில் என்னென்ன இருக்கும் என்று பிற்காலத்தில் ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார்: சிப்பி சூப், டர்பட் மீன், வறுத்த வான்கோழி, அவித்த வான்கோழி, பெரிய மாட்டிறைச்சித் துண்டு, அப்புறம் பிளம் புட்டிங், மின்ஸ் பை, டிரைஃபிள். 1960-இல், எழுபது வயதில் எழுதிய பட்டியல் அது. ஒன்றையும் மறக்கவில்லை பார்.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தனியாக இருக்கும் பிள்ளைக்குச் சொல்கிற கதையா என்றிருந்தது. ஆனால் இது உனக்கு வேண்டும். 1849 டிசம்பர், மரண தண்டனை என்று நிறுத்தி, கடைசி நிமிஷத்தில் சைபீரியாவுக்கு மாற்றினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, சுமார் நாலு கிலோ இரும்பு விலங்கைக் காலில் பூட்டி ஸ்லெட்ஜில் ஏற்றினார்கள். வண்டி பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் அண்ணன் வீட்டைத் தாண்டிப் போனது. தெரிந்த ஒருவருடைய வீட்டில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அங்கே கிறிஸ்துமஸ் மரம் வைக்கிறார்கள், அண்ணன் பிள்ளைகள் அங்கே போகிறார்கள் என்று அவருக்கு முன்பே தெரியும். அந்த வீட்டைக் கடக்கும்போது மனசு தாங்கவில்லை என்று நாலு வருஷம் கழித்து அண்ணனுக்கு எழுதினார். சிறையில் கைதிகள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதும், ஊர் ஜனங்கள் அவர்களுக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுப்பதும் பிறகு அவர் எழுத்தில் வந்தது. வேலையிலிருந்தபடியே மற்றவர்களின் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கப்போகிற நீயும் அதைக் கவனித்து வை.

இனி நான் நிஜமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் மன்ரோவில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே அடுத்தடுத்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். பையன் ட்ரூமன் கபோட்டி. அப்பாவும் அம்மாவும் பிரிந்ததால் சொந்தக்காரர் வீட்டில் விடப்பட்டவன். அங்கே வயதான ஒரு ஒன்றுவிட்ட அக்காதான் அவனுக்கு எல்லாம். அவர்கள் இருவரும் வருஷமெல்லாம் சில்லறை சேர்த்து, கீழே விழுந்த பீக்கன் கொட்டை பொறுக்கி, முப்பது கேக் செய்து, ஒரு தடவை பார்த்தவர்களுக்கும் பார்க்கவே பார்க்காதவர்களுக்கும் அனுப்புகிற கதையைக் கபோட்டி பிற்பாடு எழுதினார். ஒரு கேக் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு! நம் வீட்டில் முந்திரிக்கொத்து போடும்போது பக்கத்துத் தெருவில் பேசிப் பழகாதவர்களுக்கும் ஆச்சி ஒரு டப்பா எடுத்து வைப்பார்களே, படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அந்தக் கதை ஒரு பத்திரிகையில் வந்தது 1956 டிசம்பரில்.

பக்கத்து வீட்டுப் பெண் ஹார்ப்பர் லீ. அதே 1956 டிசம்பரில் அவர் நியூயார்க்கில் விமானக் கம்பெனி ஒன்றில் டிக்கெட் பதிவு செய்கிற வேலையில் இருந்தார். லீவு கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள்தான். ஊருக்குப் போய்வர முடியாது. தாத்தா பாட்டி வீடு நிறைய இருக்கும் பிள்ளைகளையும், அப்பா அடிக்குரலில் முணுமுணுக்கும் 'ஜாய் டு த வேர்ல்ட்' பாட்டையும் நினைத்து ஏங்கினார். உன் அப்பா பாடுவதும் அப்படித்தானே. மைக்கேல் பிரவுன், ஜாய் பிரவுன் என்ற நண்பர்கள் வீட்டுக்குப் போனார். காலையில் அவர்கள் மரத்தில் சொருகியிருந்த ஒரு கவரைக் காட்டினார்கள். உள்ளே ஒரு சீட்டு: உனக்கு ஒரு வருஷம் வேலையிலிருந்து விடுதலை, இஷ்டமானதை எழுது, கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அந்த வருஷம் அவர்களுக்குக் கொஞ்சம் வருமானம் கூடியிருந்தது. லீ பயந்தார், இது பெரிய ரிஸ்க் என்று மறுத்தார். அவர்கள் விடவில்லை. லீ வேலையை விட்டார். எழுதியதைத் திருத்தித் திருத்தி எழுத இன்னும் வருஷங்கள் ஆயின. 1960 ஜூலையில் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வந்தது. மறு வருஷம் புலிட்சர் பரிசு. அந்தக் கிறிஸ்துமஸ் காலையைப் பற்றி 1961 டிசம்பரில் லீயே ஒரு கட்டுரை எழுதினார்.

பாப்பா, உன் கல்யாணத்துக்கென்று நான் சீட்டுக் கட்டிய பணம் பேங்கில் இருக்கிறது. இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நீ சொன்னதை நானும் அப்பாவும் மனதார ஏற்றுக்கொண்டாயிற்று. வேலையை விடச் சொல்லவில்லை. சம்பளமில்லாத விடுப்பு ஆறு மாதமோ எட்டு மாதமோ கிடைக்குமா என்று உங்கள் மேட்ரனிடம் கேள். அங்கேயே இருந்து எழுத வேண்டுமென்றால் வாடகைக்குப் பணம் அனுப்புகிறேன். இங்கே வருவதானால் மாடி போர்ஷன் காலியாகத்தான் இருக்கிறது. இனி வாடகைக்கு விடப்போவதில்லை. அப்பாவிடம் சொன்னபோது உடனே பதில் வரவில்லை. மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, மாடி ஜன்னலோரம் லேப்டாப்புக்கு ஒரு பிளக் பாயின்ட் போடச் சொல்லிவிட்டார். அவர் சம்மதம் அப்படித்தான் வரும், உனக்குத் தெரியாததா.

நீ அனுப்பிய மூன்று அத்தியாயத்தையும் மகள் எழுதியது என்பதை மறந்துவிட்டுத்தான் படித்தேன். தாத்தாவின் கருப்பட்டிக் கடையில் கணக்குப்பிள்ளை பெட்டியை மூடுகிற இடம் நன்றாக இருக்கிறது. இந்தக் கை நைட் டூட்டிக்கு நடுவில் அரைமணி அரைமணியாகத் திருடி எழுதக்கூடாது என்று அப்போதே தோன்றியது. பதிலை உடனே சொல்ல வேண்டாம். ஜனவரியில் சொன்னால் போதும்.

அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் திங்கட்கிழமை கூரியரில் போகும். கேக் அனுப்பவில்லை, அங்கே நல்லதே கிடைக்கும். 25 அன்று ஊசிக்கோபுரத்தில் அதிகாலை ஆராதனை முடிந்து நாங்கள் வரும்போது உனக்கு டூட்டி பாதிதான் முடிந்திருக்கும். தூங்கி எழுந்து சாவகாசமாகக் கூப்பிடு. ஆச்சி உன்னிடம் பேசாமல் படுக்க மாட்டார்கள்.

ஒரு திருத்தம் உண்டு. மூன்றாவது அத்தியாயத்தில் பதநீரைக் காய்ச்சும்போது சுண்ணாம்பு போடுவதாக எழுதியிருக்கிறாய். சுண்ணாம்பை மரத்தில் கட்டுகிற கலயத்துக்குள் தடவுவார்கள், பதநீர் புளிக்காமல் இருக்க. காய்ச்சும்போது போடுவது ஆமணக்கு முத்து, பொங்கி வழியாமல் இருக்க. ஆச்சியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதை மாற்றிவிட்டு நாலாவது அத்தியாயத்தைத் தொடங்கு.

அன்புடன்,
அம்மா